முதலில் எழுத்தைக் காட்டுங்கள்

நான் இலேசில் யாரையும் நம்புகிறவன் இல்லை. தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கினால் தராசைப் பார்ப்பேன், தராசின் மேல் கடைக்காரர் விரல் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். அப்படிப்பட்ட என்னையே ஒருவன் ஏமாற்றினான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை விற்றவன், திரையில் ஒரு ப்ராசசரின் பெயரைக் காட்டினான். வீட்டில் பிரித்தபோது உள்ளே இருந்தது வேறு, மட்டமான ரகம். திரையில் வரும் பெயரை மாற்றிவிட முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

நாற்பத்தாறு வயதில் எனக்குள்ள ஒரே கெட்ட பழக்கம் கார்ப் பந்தய விளையாட்டு. அந்தக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வளைவிலும் படம் உறைந்து நின்றது, திரும்ப அசையும்போது என் கார் சுவரில் இருக்கும். ப்ராசசரையும் மதர்போர்டையும் மாற்றினால் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு முதலில் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். "ப்ராசசர் சீப்பா எடுங்க, பரவால்ல லா. போர்டு மட்டும் நல்லதா போடணும்" என்றார் கடைக்காரர். நான் எந்த ப்ராசசரைக் காட்டினாலும் பேச்சு அவருடைய விலை கூடின போர்டில் போய்த்தான் முட்டியது. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

பிறகு போனில், பழைய சாமான் விற்கும் இணையப் பக்கத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஆறு கோர் ப்ராசசர், போர்டோடு சேர்த்து, கடை விலையில் பாதிதான். படங்கள் பளிச்சென்று இருந்தன. படம் மங்கலாக இருந்தால் எதையோ மறைக்கிறான் என்பேன், தெளிவாக இருந்தால் எங்கிருந்தோ சுட்ட படம் என்பேன். இருந்தாலும் சனிக்கிழமை காலை அந்த ஆள் இருக்கும் மார்சிலிங்குக்குக் கிளம்பினேன்.

விளம்பரம் போட்டவர் ஊரிலிருந்து வந்து இங்கே ஃபேக்டரியில் டெக்னீஷியனாக வேலை பார்ப்பவர். முப்பது வயதிருக்கும். வாடகை அறையில் இருந்தார். என்னைக் கதவு வரைக்கும்தான் கூப்பிட்டார்.

"வீட்டுக்காரம்மா வெளியாள உள்ள விடமாட்டாங்கண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க."

காரிடாரில் செருப்பு ராக்குக்குப் பக்கத்தில், மூடி கழற்றிய கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு ஸ்டூல் மேல் மானிட்டர். வாசல் இரும்புக் கேட்டுக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் வயர். உள்ளே விடாதவன் எதையோ ஒளிக்கிறான் என்று நினைத்தேன்.

"நல்லா ஓடுதுன்னா ஏன் தம்பி விக்கிறீங்க?"

"கரண்ட் பில்லு ஏறிப்போச்சுன்னு வீட்டுக்காரம்மா சொல்றாங்கண்ணே. கம்ப்யூட்டர் போகணும், இல்ல நான் போகணுமாம். கிராஃபிக்ஸ் கார்டுக்கு நாளைக்கு ஆள் வர்றாங்க. இது உங்களுக்கு."

கதை கச்சிதமாக இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

ப்ராசசரின் மூடி மேல் பொறித்திருக்கும் எழுத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றேன். அதற்கு மேலே இருக்கும் ஃபேனைக் கழற்ற வேண்டும். அவர் சம்மதித்தார், ஆனால் உடனே இல்லை.

"பத்து நிமிஷம் ஓடட்டும்ண்ணே. ப்ராசசருக்கும் ஃபேனுக்கும் நடுவுல தடவியிருக்கிற பேஸ்ட் காஞ்சிருக்கும். சூடாச்சுன்னா இளகும், அப்புறம் மெதுவா திருகி எடுக்கலாம்."

பத்து நிமிஷம் திரையைக் காட்டி என்னை மயக்கப் பார்க்கிறான் என்று தோன்றியது.

"திரையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. முதல்ல எழுத்தைக் காட்டுங்க."

அவர் ஸ்க்ரூட்ரைவரை ராக்கின் மேல் வைத்துவிட்டு, பேஸ்டைத் துடைக்க டிஷ்யூ எடுத்து வர உள்ளே போனார். அதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே என்ன செய்கிறானோ என்று நானே நான்கு திருகாணியையும் கழற்றி ஃபேனை மேலே இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். படக்கென்று ஒரு சத்தம். ஃபேனோடு ஒட்டிக்கொண்டு ப்ராசசரும் போர்டிலிருந்து பிய்ந்து வந்துவிட்டது. அடியில் ஊசி ஊசியாக இருக்கும் பின்களில் ஒரு மூலை முழுக்கச் சாய்ந்து கிடந்தது.

இனி அது போர்டில் சரியாக உட்காராது. அவர் வெளியே வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அடுத்து நான் சொன்னதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"என்ன தம்பி, பின்னெல்லாம் வளைஞ்சிருக்கே?"

திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவனின் குரலில் கேட்டேன்.

அவர் ஃபேனோடு சேர்த்து ப்ராசசரை வாங்கிப் பார்த்தார். என் விரல்களில் அப்பியிருந்த சாம்பல் நிறப் பேஸ்டையும் பார்த்தார்.

"வாங்கினதுலேருந்து நான் இத கழட்டினதே இல்லண்ணே" என்றார்.

"நான் சும்மாதான் தூக்கினேன். முன்னாடியே இப்படித்தான் இருந்திருக்கும்."

அவர் பேஸ்டிலிருந்து ப்ராசசரை மெதுவாகத் திருகி எடுத்து, மூடியை டிஷ்யூவால் துடைத்து என் முன்னால் நீட்டினார். விளம்பரத்தில் போட்டிருந்த அதே எண். ஓர் எழுத்துகூட மாறவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மெல்ல நழுவி லிஃப்ட்டுக்கு நடந்தேன்.

ஞாயிறு மதியம் அந்த விளம்பரத்தைத் தேடிப் பார்த்தேன். விலையை அடிமாட்டு விலைக்குக் குறைத்திருந்தார். வளைந்த பின்களை வெளிச்சத்தில் பிடித்து, கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டிருந்தார். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. கழற்றிக் காட்டும்போது பின் வளைந்துவிட்டது, நான் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும், என் தவறு என்று எழுதியிருந்தார். வளைத்தது யார் என்று எழுதவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நாலு தடவை எழுதி அழித்து, கடைசியில் அனுப்பினேன். "தம்பி, பின்னை வளைச்சது நான்தான். பொய் சொல்லிட்டேன். முதல்ல போட்டிருந்த முழு விலைக்கே எடுத்துக்கிறேன்."

ராத்திரிதான் பதில் வந்தது.

"வளைஞ்சதுக்கு முழு விலையா? ஏண்ணே?"

உண்மையாகத்தான் சொல்கிறேன் என்று திரும்ப எழுதினேன். எழுதும்போதே, இப்படி ஒரு செய்தி எனக்கு வந்திருந்தால் நான் நம்பியிருக்கவே மாட்டேன் என்று தெரிந்தது.

"சரிண்ணே. நாளைக்கு ஏழு மணிக்கு வாங்க. மேல வர வேணாம், கீழ லிஃப்ட்டுகிட்ட நில்லுங்க. என் ரூம்மேட்டும் கூட வருவான்."