கருவாயனும் புழுவுக்குள் இருந்த கிருமியும்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். 'ழு' இன்னும் என் கைக்கு வளைந்து கொடுக்கவில்லை; இந்தக் கட்டுரையிலோ அதுதான் அடிக்கடி வருகிறது. மகள் இந்தத் தாளைப் படம் பிடித்து வலைப்பக்கத்தில் போடுகிறாள்.

செவ்வாய்க்கிழமை வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போனோம், நானும் என் நாய் கருவாயனும். மேட்டில் எனக்கு முன்னால் ஓடுகிறவன், ஒரு மாதமாகப் பாதியிலேயே உட்கார்ந்து இருமினான். சுமார் நாற்பது கிலோமீட்டர். மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் வண்டியில், போக வர முந்நூறு ரூபாய். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். கோமுகி அணைப் பக்கம் பனி நின்றது. அதற்குள் நுழைந்து, நனையாமல் வெளியே வந்தோம்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்தார். இதயத்தை ஒட்டிய குழாயில் புழுவாம். கொசு கடித்து வந்ததாம். விட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்.

திரும்பும்போது கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்த ஆசையில் மாத்திரை உறையையும் படித்தேன். 'கிருமி மருந்து.' புழு என்றல்லவா சொன்னார்?

"தம்பி, வண்டியத் திருப்பு. மருந்து மாறிப்போச்சு."

"நீ படிக்கக் கத்துக்கினதுக்கு என் டீசலா செலவு, பெருசு?" என்றபடியே வண்டிக்காரர் திருப்பினார்.

டாக்டரம்மா சிரித்தார். "மாறலீங்க தாத்தா. அந்தப் புழுவுக்குள்ள ஒரு கிருமி குடியிருக்கு. அது இல்லாம புழுவால நல்லா வாழ முடியாது. இப்பவே புழுவக் கொன்னா, கிருமியெல்லாம் இரத்தத்துல கொட்டும். நாயோட உடம்பு மிரண்டுபோயி அதோட சண்ட போடும். அந்தச் சண்டையிலதான் நுரையீரல் ஜாஸ்தி வீங்கும். அதான் மொதல்ல கிருமி, அப்புறம் புழு."

"அப்ப பொழச்சுக்குவானாங்க?"

"மாத்திரைய விடாம குடுங்க. ஓட விடாதீங்க. அடுத்த வாரம் கூட்டினு வாங்க, பாக்கலாம்."

மலையேறும்போது மறுபடியும் பனி. பனிக்குள் வண்டி, வண்டிக்குள் நாங்கள், கருவாயனுக்குள் புழு, புழுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குடித்தனம். அவன் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

நாயோடு இறங்குகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள். படுக்க ஒரு சாக்கு, குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை உறையை அங்கேயே நின்று படித்துவிடுங்கள்.

அடுத்த செவ்வாய் மறுபடியும் இறங்குகிறோம். இருமல் குறைந்ததா என்று என் கையாலேயே எழுதுவேன். அதற்குள் 'ழு' வளைந்துவிடும். கருவாயனும் மேட்டைப் பார்த்து வாலாட்டினால் போதும்.