மகளுக்குப் பதிலாகப் போன நாள்

என் மகள் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் முடித்திருந்த கோடை அது. நெய்வேலி சுரங்கத்தில் எனக்குக் காண்ட்ராக்ட் வேலை. நிலக்கரி போகிற பெல்ட்டுக்கு அடியில் நின்று, சிந்துவதை வாரி மேலே போட வேண்டும். எங்கள் தெருவில் காலேஜுக்குப் போன பெண் என் மகள் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது.

லீவில் வந்தவள் சோறு தின்னும்போதெல்லாம் ஆனர்ஸ் வகுப்பைப் பற்றியே பேசினாள்.

“சாதா வகுப்புல எங்கள மந்தையாட்டம் ஒக்கார வச்சி ஒப்பிச்சிட்டுப் போயிடுவாங்கம்மா. ஆனர்ஸ்ல கொஞ்சம் பேருதான். வாத்தியாரு பேரு சொல்லிக் கூப்புடுவாரு. லைப்ரரி புக்க ரூமுக்கே எடுத்துக்கினு போலாம். படிப்பு முடியறதுக்குள்ள வேலைக்குக் கூப்புட்டுருவாங்க.”

“காண்ட்ராக்ட்லேந்து பர்மனென்ட் ஆவற மாதிரியா?”

“அதேதாம்மா” என்று சிரித்தாள்.

அவள் சொன்னது என் மனசில் அப்படியே உட்கார்ந்துகொண்டது.

ஆனர்ஸ் நேர்காணலுக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தபோது அவளுக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலையில் படுத்துக் கிடந்தாள். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வாசல் தாண்டக் கூடாது.

“ஒடம்பு சரியில்லன்னு ஒரு லெட்டர் எழுதிப் போட்டுடவாம்மா?”

“லெட்டரா? லெட்டரு போட்டவ எடத்துல மறுநாளே வேற ஒருத்தி நிப்பா. நீ படு. நான் போயி நிக்கறேன்.”

எங்கள் வேலையில் அதுதான் முறை. ஒருத்தி வரமுடியாவிட்டால் வீட்டிலிருந்து வேறு யாராவது வந்து, மேஸ்திரி பேர் கூப்பிடும்போது குரல் கொடுக்க வேண்டும். இடம் அப்படியே இருக்கும். இதே மகளை நான் பெற்றுக் கிடந்தபோது என் பேருக்கு என் நாத்தனார்தான் குரல் கொடுத்தாள். யாரும் தப்பு சொன்னதில்லை.

நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே வராந்தாவில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். டவுன்ஷிப்பில் பெரிய குவார்ட்டர்ஸில் இருந்த ஆபீசர் ஒருவரின் மகளும் இருந்தாள். என் மகளோடு படிப்பவள். பியூன் என் மகள் பேரைக் கூப்பிட்டான்.

“வந்திருக்கேங்க” என்று எழுந்தேன்.

உள்ளே பெரிய வாத்தியாரும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள்.

“யாரும்மா நீங்க?”

“அவ அம்மாங்க. புள்ளைக்கு அம்மை வாத்திருக்கு. மூணாந்தண்ணி ஊத்துனதும் வந்துடுவா. அதுவரிக்கும் அவ எடத்துல நான் இருக்கேங்க.”

ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் எழுந்து வந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு அது மரியாதையாகத்தான் பட்டது. இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

“புரியலீங்க.”

“பரவால்ல, பொண்ணுக்கு மட்டும் புரிஞ்சிடவா போவுது?” என்றார் பக்கத்திலிருந்தவர்.

பெரியவர் கதவைத் திறந்து வெளியே இருந்த பிள்ளைகளிடம் சொன்னார்: “இந்தம்மாதான் நம்ம புது ஸ்டூடன்ட். இவங்கள முந்துங்க பாப்போம்.” வராந்தாவே சிரித்தது.

“அப்போ எடம்?” என்று கேட்டேன்.

“பிடிச்சாச்சும்மா. நிம்மதியா போங்க.”

திரும்பும் பஸ்ஸில் ஆபீசர் மகள் எனக்கு முன்சீட்டில் இருந்தாள். தலையைத் திருப்பி, “இடம் கிடைச்சுதா ஆயா?” என்றாள்.

“கெடச்சுது.”

முன்னால் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. பஸ் தூக்கிப்போடுகிறது என்று நினைத்தேன்.

செய்தி கேட்டதும் மகள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முகத்துப் புண் ஆறுவதற்குள் பல்கலைக்கழகத்துக்கு ஓடினாள். போன அன்றைக்கே திரும்பி வந்துவிட்டாள்.

“ஆனர்ஸ் நெறஞ்சிடுச்சாம்.”

“அவரு எங்கிட்ட வாயால சொன்னாரே!”

“கேட்டேன். ‘உங்க அம்மாவையே எடுத்துக்கலாம்னு பாத்தோம், வயசு கூடிப்போச்சு’ன்னாரு. காய்ச்சல்ல கெடந்த ஒரு பொண்ணு லெட்டர் போட்டிருக்கா. அவளுக்கு வேற நாள் குடுத்திருக்காங்க. எனக்கும் குடுங்கன்னேன். உன் நாள்லதான் ஆள் வந்துட்டுப் போயாச்சேன்னாங்க.”

ஆபீசர் மகளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டல் முழுக்க என்னை நடித்துக் காட்டியிருக்கிறாள், ‘வந்திருக்கேங்க’ என்று நான் எழுந்து நின்றது உட்பட.

“நாளைக்கி நான் வரேன். அந்தாள மொகத்துக்கு நேரா கேக்கறேன்” என்றேன்.

“வராத. நீ ஒருவாட்டி வந்ததே போதும்.”

சாதா வகுப்பிலேயே படித்து முடித்தாள். பட்டம் கொடுக்கிற நாளை அவள் எனக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று நான் அவளைக் கேட்கவும் இல்லை. அன்றைக்கு ஷிப்டுக்குப் போனேன்.