அப்பா கிரீஸ் தடவிய புளோயர்

அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டி அருகே நின்றேன். புளோயர் ஓடவில்லை. அழுகிய முட்டை நாற்றம் வீசியது. என் சின்ன வயதில், பாளையம்பட்டியில் அத்தையைப் பெண் பார்க்க வந்த நாளிலும் இப்படித்தான் நாறியது.

எங்கள் வீட்டை ஒட்டிச் சாயப்பட்டறை. அதன் கழிவுத் தொட்டிக்குப் புளோயர்தான் காற்று ஊதும். அது நின்றால் தண்ணீர் அழுகிவிடும். ஓட்டுபவர் அப்பா. கதவுக் கீல் அழுதாலும் எண்ணெய் விடுகிற மனுஷன். புளோயருக்குள் எண் எட்டின் வடிவத்தில் இருந்த இரண்டு இரும்பு உருளைகள் வறண்டிருப்பதைக் கண்டு, பாவப்பட்டு கிரீஸை அப்பிவிட்டார். புழுதி ஒட்டி இறுகி, இரண்டு நாளாக ஓடவில்லை.

திருச்சுழியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கை மூடினார்.

"இந்த வீட்டுல எப்பிடிச் சோறு எறங்குது?"

கேசரியைத் தொடவில்லை. கதவுக்குப் பின்னால் அத்தையின் கண் கலங்கியது.

மில் மெக்கானிக்கான மாப்பிள்ளை எழுந்துபோய்ப் புளோயரைத் திறந்தார்.

"மச்சான், இது ரெண்டும் ஒண்ணோடொண்ணு ஒரசாது. ஓரத்துல காத்த அள்ளி அந்தப் பக்கம் தள்ளும், அம்புட்டுத்தான். பின்னால இருக்க பல்லுச் சக்கரத்துக்குத்தான் எண்ணெய்."

மண்ணெண்ணெயில் கழுவி ஓடவிட்டார். அடியில் கிடந்த கறுப்புச் சகதி கொப்பளித்து மேலே வந்து, நாற்றம் இரட்டிப்பானது. அவர் அம்மா வாசலிலேயே வாந்தியெடுத்தார்.

"கெளம்புடா, போதும்."

"பொண்ணுக்குச் சம்மதமான்னு கேளுங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை, முழங்கை வரை கறுப்பாக.

அத்தை உள்ளிருந்தே சொன்னாள்: "மொதல்ல சோப்புப் போட்டுக் கையக் கழுவச் சொல்லுங்கண்ணே. பெறகு கேசரி வைக்கிறேன்."