ஜன்னலுக்கு வெளியே கேட்ட முத்துக்குளிப்புப் பாட்டு

அன்று டிரைவர் காளிமுத்து அண்ணனிடம் நான் சொல்லாதது ஒன்றுதான்: அவர் பாடும்போது ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

2007 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை துபாயிலிருந்து பஹ்ரைன் போனேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை பற்றிப் படித்தபோது, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளம் வளைகுடாவுக்கும் கப்பலேறி, முத்துக்குளிப்பவர்களின் பாட்டில் கலந்தது என்று ஒரு வரி கண்ணில் பட்டது. காதால் கேட்காமல் நம்ப மனமில்லை. விமானம் ஒரு மணி பத்து நிமிடம். போகவர 520 திர்ஹாம்.

பஹ்ரைனில் கார் ஓட்டும் காளிமுத்து அண்ணன் தொண்டிக்காரர், துபாய் கராமாவில் என் பக்கத்து வீட்டுக்காரரின் ஊர். காருக்கு நாள் முழுக்க 12 தினார். வழியெல்லாம் மகளைப் பற்றியே பேசினார். இவர் பஹ்ரைன் வந்த பிறகு பிறந்தவள், மூன்று வயது. போனில் இவர் குரல் கேட்டாலே ஓடிவிடுகிறாளாம். லீவுக்கு இன்னும் ஒன்பது மாதம். "போயி நிக்கும்போது யாருன்னு கேப்பா, தங்கச்சி" என்றார்.

விமான நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில் முஹர்ரக்கின் பழைய சந்துகள். பாடகர்கள் கூடும் வீட்டுக்கு இரவு ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே ஆண்களுக்கு மட்டும்தான் இடம். வாசலிலிருந்த பெரியவர் எனக்கு ஜன்னலடியில் நாற்காலி போட்டு, ரெக்கார்டரை விளிம்பில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு, காரை நிறுத்திவிட்டு வந்த அண்ணனைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

ஒருவர் குரலெடுத்தார். மற்றவர்கள் அடிவயிற்றிலிருந்து முனகல் எழுப்ப, ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மண்பானைகளில் தாளம், கூடவே கைதட்டல். அந்தக் காலத்தில் படகுக்கு ஒரு பாடகரை வேலைக்கு வைத்திருப்பார்களாம். இது ப்ளூஸுக்கு என்ன உறவு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து உழைத்தவர்கள் பாடியது என்பது மட்டும் சொல் புரியாமலே புரிந்தது.

திடீரெனக் கைதட்டல் குழம்பியது. அண்ணன்தான். அவர்களுடைய தட்டு ஒன்றுக்குள் ஒன்று பின்னிப்போக, இவர் ஊரில் கரைவலை இழுக்கும் கணக்கில் தட்டியிருக்கிறார். ஒரே சிரிப்பு. பெரியவர் இந்தியில், அப்படியானால் உன் கடல் பாட்டைப் பாடு என்றார். அண்ணன் ஏலேலோ எடுத்தார். இரண்டாம் அடியில் பானைகள் சேர்ந்துகொண்டன. மூன்றாவதில் அந்த முனகலும்.

காரில் ஏறியதும், "கேட்டுச்சா? ரூம்காரய்ங்ககிட்ட சொல்லிறாதீங்க, ஓட்டித் தள்ளிருவாய்ங்க" என்றார். தலையாட்டினேன்.

போக நினைப்பவர்கள் வியாழன் மாலையாகப் பாருங்கள். துபாயில் இருக்கும் இந்தியர்களுக்கு பஹ்ரைன் விசா விதி, துபாய் விசாவில் உள்ள வேலையைப் பொறுத்து மாறும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஜன்னலோரம் குறைச்சலான இடமில்லை. பதிவு செய்ய அனுமதி கேளுங்கள், கூட வந்தவரிடமும்.

அவர் பாட்டும் பதிவானதை நான் ஒரு வாரம் கழித்துத்தான் போனில் அண்ணனிடம் சொன்னேன். அவர் தொண்டி வீட்டு முகவரியைச் சொன்னார். கேசட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மறுமாதம் அவர் வீட்டுக்குப் பேசியபோது, மகளே போனை வாங்கி, "ஏலேலோ மாமாவா?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஆமா, தாயி" என்றாராம்.