சாவியைத் திருப்பிக் கொடுத்தவர்

நெடுந்தூர லாரி ஓட்டிய காலத்தில் அவருக்குப் பெயரே ‘புயல்’தான். கைநிறையக் காசு பார்த்த அந்த வேலையை உதறிவிட்டு அவர் ஒரு கல்லூரிப் பேருந்தில் போய் உட்கார்ந்தபோது, “புயல் கரையைக் கடந்திடுச்சுடா” என்று பழைய கூட்டாளிகள் கேலி செய்தார்கள்.

சம்பளம் பாதிதான். ஆனால் ஐந்து வருடம் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரியில் கட்டணம் கிடையாது. ஏழாம் வகுப்பு முடித்திருந்த மகளோ, படித்தால் வேதியியல்தான் என்று அப்போதே ஒற்றைக்காலில் நின்றாள். எந்தக் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

ஐந்தாவது வருடம் முடியச் சில மாதங்களே இருந்தன. ஒருநாள் காலை, கல்லூரி வாசலில் பேருந்தைத் திருப்பும்போது முன்சீட்டில் இருந்த மாணவி, “அண்ணே! சைக்கிள்!” என்று அலறினாள். பிரேக்கை மிதித்துவிட்டுப் பார்த்தால், சைக்கிளோடு விழுந்து கிடந்த பையன் சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து எழுந்துகொண்டிருந்தான். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அப்படி ஒருவன் வந்ததே அவர் கண்ணில் படவில்லை.

கண் மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. மருந்தால் அதை மெதுவாக்கலாம், போனது போனதுதான் என்றார்.

பேருந்துகளைக் கவனிக்கும் மேலாளர் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கொஞ்ச மாசம்தானேண்ணே. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடுங்க. உங்க பொண்ணு சேர்ந்துடட்டும்.”

“இவங்களும் யாரோ பெத்த பிள்ளைங்கதானே சார். வேற ஏதாவது வேலை குடுங்க. தோட்டத்தைக்கூடப் பார்த்துக்கிறேன்.”

அங்கே இடம் காலியில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

ரொட்டிக்கடை வேலையிலிருந்து திரும்பிய மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள். மகள்தான் கேட்டாள்.

“இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதாப்பா?”

அதன்பிறகு சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைக்கும்போதுகூட அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு அவளே அலைந்து திரிந்து ஒரு மாலைநேரக் கல்லூரியைக் கண்டுபிடித்தாள். பகலில் மருந்துக்கடையில் நின்றால் அந்தக் கட்டணத்தைச் சமாளித்துவிடலாம். ஒரே ஒரு குறை: மாலைநேரத்தில் ஆய்வகம் கிடையாது. ஆய்வகம் இல்லாத இடத்தில் வேதியியல் ஏது? வணிகவியலில் சேர்ந்தாள். கடையில் வேலைக்கு நடுவே மருந்து அட்டைகளில் பொடி எழுத்தில் இருக்கும் வேதிப்பெயர்களை வாய்க்குள் படித்துக்கொள்வாள் என்று கடைக்காரர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

நல்ல மதிப்பெண்ணோடுதான் தேறினாள். பட்டம் வாங்கிய அன்று அவருக்கு நேர் எதிரே ஒரு கைக்குட்டை அகலத்துக்குத்தான் உலகம் தெரிந்தது. அதற்குள் மகளின் முகத்தைத் தேடிப் பிடித்தார். கூட்டம் கலைந்தபின் அவள் அவரைக் கைப்பிடித்துப் படியிறக்கிக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டார்.

“கோபம் போச்சாம்மா?”

“கோபம் எப்பவோ போயிடுச்சுப்பா.” அடுத்த படியில் அவர் காலை ஊன்றும்வரை பிடித்துக்கொண்டாள். “ஆசைதான் போக மாட்டேங்குது.”

அவர் அவள் கையை இன்னும் கொஞ்சம் இறுகப் பற்றிக்கொண்டு மிச்சப் படிகளையும் இறங்கினார்.