குப்புறப் படுத்துக் கேட்டது

ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த மச்சான், அதாவது என் அக்காவின் கணவர், எனக்கென்று ஒரு சாமான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பார்ப்பதற்குச் சுவரில் ஓட்டை போடுகிற மெஷின் மாதிரி இருக்கிறது. முனையில் கம்பிக்குப் பதிலாக ஒரு ரப்பர் உருண்டை. சார்ஜ் போட்டு, பட்டனை அழுத்தி, வலிக்கிற இடத்தில் வைத்தால் தடதடவென்று குத்துமாம். "இனிமே யாரையும் எதிர்பாக்க வேணாம் மாப்ள, நீயே வெச்சிக்கலாம்" என்றார். என் முதுகு எனக்குப் பின்னால் இருக்கிறது என்பதை இதைக் கண்டுபிடித்தவனும் யோசிக்கவில்லை, வாங்கி வந்த மச்சானும் யோசிக்கவில்லை. கையை முறுக்கி இடுப்புவரைக்கும் கொண்டுபோவதற்குள் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இருக்கிற வலி போதாதென்று ஷார்ஜாவிலிருந்து ஒன்று.

பெட்டிக்குள் ஒரு சின்ன எண்ணெய் பாட்டிலையும் இலவசமாக வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்தேன். தைல வாசனை. அவ்வளவுதான், கல்யாணமான புதிதில் நான் படுத்துக் கிடந்த அந்த அறை வந்துவிட்டது. சிமென்ட் தரை, கோரைப்பாய், வயிற்றுக்கடியில் ஒரு தலையணை, என் மூக்குக்கு நேராக வரிசையாகப் போகிற எறும்புகள். அந்த எறும்புகளை நான் பார்த்த அளவுக்கு என் பெண்டாட்டியின் முகத்தை அந்த வருஷம் பார்க்கவில்லை.

இப்போது நான் மரக்காணம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் செல்போன் கவர், சார்ஜர் விற்கிறவன். அன்றைக்கு உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற ஆள். கல்யாண மருதாணிச் சிவப்பு என் பெண்டாட்டி ஷமீமாவின் விரல் நுனியில் இன்னும் முழுக்கப் போகவில்லை. மழைக்காலம் தொடங்கப் போகிறது என்றால் உப்பளத்தில் எல்லாருக்கும் பைத்தியம் பிடித்துவிடும். பாத்தியில் இருக்கிற உப்பை வாரி, குவித்த அம்பாரத்துக்கு ஓலை மூடி, விற்றதை மழை விழுவதற்குள் லாரியில் ஏற்றியாக வேண்டும். அன்றைக்கு வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. மேஸ்திரி கத்துகிறார், டிரைவர் ஹாரன் அடிக்கிறான், யாருக்குமே பொறுமை இல்லை. தரையிலிருந்து லாரிக்கு ஏறுகிற பலகையில் ரெண்டு தூறல் விழுந்திருந்தது. பிடரியில் மூட்டையோடு ஏறினேன். கால் வழுக்கியது மட்டும்தான் தெரியும். முதலில் நான் விழுந்தேன், அப்புறம் மூட்டை என்மேல் விழுந்தது. இந்த வரிசை மாறியிருந்தால் என் கதையே வேறு என்று இன்றைக்கும் எரிச்சலாக நினைத்துக்கொள்வேன்.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு முறியவில்லை, டிஸ்க் நகர்ந்து நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். சில நாள் படுத்திருந்துவிட்டு, பிசியோதெரபி எடுத்துக்கொண்டு, மெல்ல நடக்கப் பழக வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்ததும் ஊரே டாக்டராகிவிட்டது. ஒருத்தர் கொள்ளு வறுத்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். இன்னொருத்தர் ஒத்தடம் கூடவே கூடாது என்றார். அத்தாவின், அதாவது என் அப்பாவின், சிநேகிதர் ஒருவர் ஹிஜாமா செய்து, முதுகைக் கீறிக் கப் வைத்து, கெட்ட ரத்தத்தை எடுத்துவிட்டால் மறுநாளே ஓடலாம் என்று சத்தியம் பண்ணினார். பக்கத்து வீட்டு அம்மா தண்ணீரில் குர்ஆன் ஓதிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் குடிக்கிறேனா என்று நின்று பார்த்தார். குடித்தேன். நல்ல தண்ணீர்தான். எல்லாரும் போகும்போது சொல்லிவைத்த மாதிரி ஒரே வார்த்தை: "பாவம், சின்ன வயசு, இப்பதான் கல்யாணம் வேற." இதை ஷமீமா நிற்கிற பக்கம் பார்த்துச் சொல்வார்கள். எனக்கு எழுந்து உதைக்க வேண்டும் போல இருக்கும். எழத்தான் முடியாதே.

மார்த்தாக்கா வந்த பிறகுதான் இந்தக் கூட்டம் குறைந்தது. பொம்மையார்பாளையத்துக்காரர், பிசியோதெரபி படித்தவர், ஸ்கூட்டியில் வந்து வீடு வீடாகப் பார்ப்பார். சத்தமான ஆள். முதல் நாள் என் முதுகில் கை வைத்துவிட்டுச் சொன்னார்:

"வலி மொத்தமா போயிடும்னு நான் சொல்ல மாட்டேம்பா. அடிபட்ட எடத்தக் காபந்து பண்றேன்னு சுத்தி இருக்கற தசையெல்லாம் முறுக்கிக்கினு கெடக்குது. அதத் தளர்த்துனா எந்திரிப்பே. எந்திரிச்சா நடக்கணும். நடக்காம சும்மா அமுக்கிக்கினே கெடந்தா ஒன்னும் ஆவாது."

இதில் எனக்குக் கேட்டது முதல் வாக்கியம் மட்டும்தான். வலி மொத்தமாகப் போகாதா? பின்னே எதற்கு இந்த அம்மா?

அவரால் வாரத்தில் இரண்டொரு நாள்தான் வர முடியும். மற்ற நாளில் வீட்டிலேயே யாராவது செய்ய வேண்டும், சொல்லித் தருகிறேன் என்றார். அம்மாவுக்கு முட்டி வலி, கீழே உட்கார முடியாது. எல்லாரும் ஷமீமாவைப் பார்த்தார்கள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் வாசலில் நிற்க, மாமனார் வெளியே இருமிக்கொண்டிருக்க, பட்டப்பகலில் புருஷன் முதுகைத் தொடுவது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்குதுக்கா. ஒடஞ்சிடுச்சுன்னா?"

"மனுசன் முதுகு அப்பளம் இல்லம்மா. நடு எலும்புல கை வெக்காத, ரெண்டு பக்கமும் சதையில வெய்யி. மெதுவா, ஒடம்பு பாரத்தக் குடுத்து அமுக்கு. கால் மரத்துப்போற மாதிரி இருக்குதுன்னு சொன்னா ஒடனே நிறுத்து."

ஆரம்பத்தில் நாங்கள் அடித்துக்கொண்டதுதான் அதிகம். "அங்க இல்ல, கீழ" என்பேன். "இங்கயா?" "இன்னும் கீழ." "இங்கயா?" "அட, மேல!" "அப்ப நீங்களே வந்து அமுக்கிக்குங்க" என்று கையை எடுத்துவிடுவாள். அவள் கை சில்லென்று இருந்தது எனக்கு எரிச்சல். நான் ஒவ்வொரு தடவையும் "ஸ்ஸ்" என்றது அவளுக்கு எரிச்சல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், தினமும் இதே கச்சேரி. ஆனால் அது முடிந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றால், கொஞ்ச நேரத்துக்கு என் இடுப்பு எனக்குச் சொந்தமானது மாதிரி இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துவிட வேண்டும். மார்த்தாக்காவின் உத்தரவு.

ஒருநாள் அவள் அமுக்கிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். என்னிடம் என்றுகூடச் சொல்ல முடியாது, என் முதுகிடம். பிளஸ் டூ பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்ததையும், அதற்குள் நிக்காஹ் தேதி வைத்துவிட்டதையும், அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்காததையும் சொன்னாள். நான் கழுத்தைத் திருப்பினேன்.

"திரும்பாதீங்க."

"ஏன்?"

"திரும்புனா நான் சொல்ல மாட்டேன்."

சரி என்று எறும்பைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. முகத்துக்கு நேரே "ம்", "சரிங்க" தவிர எதுவும் வராது அவள் வாயிலிருந்து. நான் குப்புறப் படுத்துவிட்டால் போதும், எல்லாம் வரும். அம்மா அவள் சமையலுக்குச் சொல்லும் குறை, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது, என் அக்கா இவள் செருப்பைக் கேட்காமல் போட்டுக்கொண்டு போனது. சில விஷயத்துக்கு அழுத்தம் கூடும். அந்தச் செருப்பு என் விலா எலும்பில் இறங்கியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்படி ஒருநாள், கையை நிறுத்தாமலே சொன்னாள்: "எங்கம்மா வர்றேன்னு சொல்லுது. என்னைக் கூட்டிக்கினு போறதுக்கு."

"எத்தினி நாளைக்கு?"

"அது நாள் கணக்கெல்லாம் சொல்லல."

எனக்குப் புரிந்தது. படுத்த படுக்கையான மாப்பிள்ளை, வேலையும் இல்லை. எந்த அம்மாவும் அதைத்தான் யோசிப்பார். வாய் திறந்தால் என்ன வருமோ என்று எறும்பை எண்ண ஆரம்பித்தேன்.

ரெண்டு நாள் கழித்து என் மாமியார் வானூரிலிருந்து வந்தார். நான் உள்ளே படுத்திருக்கிறேன். வாசலில் குசுகுசுவென்று பேச்சு. கடைசியில் ஷமீமா சொன்னது மட்டும் காதில் விழுந்தது: "மொதல்ல இவரு நடக்கட்டும்மா. அப்புறம் பாக்கலாம்." மாமியார் டீ குடித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். நடந்தால் அவள் போய்விடுவாள். நடக்காவிட்டால் நான் எதற்கு உயிரோடு இருக்கிறேன்? அந்த வாரத்திலிருந்து வலி கூடியது. நடிப்பில்லை, நிஜமான வலி. வாசல்வரை நடந்தவனால் கதவுவரைகூட நடக்க முடியவில்லை. மார்த்தாக்கா வந்து தொட்டுப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"ஏம்பா, போன வாரம் எளகியிருந்துதே! இப்ப பலக மாதிரி இருக்குது. என்னா யோசன பண்ணிக்கினு இருக்கே நீ?"

"ஒன்னும் இல்லக்கா."

"ஒன்னும் இல்லன்னா முதுகு இப்டி இருக்காது. பயம் வந்தாலும் சதை இறுகும்பா. யாருகிட்டயாவது சொல்லித் தொல."

யாரிடம் சொல்வது? மறுநாள் மதியம் ஷமீமா கையில் எண்ணெய் தேய்த்துச் சூடு பண்ணுகிற சத்தம் கேட்டது. அவள் கை வைப்பதற்கு முன்னால் தரையைப் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"நான் நடந்துட்டா நீ போயிடுவியா?"

எண்ணெய் தேய்க்கிற சத்தம் நின்றது. அப்புறம் அவளுக்கு வந்தது கோபம்.

"போறவளா இருந்தா நீங்க நடக்கறதுக்கு முன்னாடியே போயிருக்க மாட்டனா? பின்னாடி தொரத்திக்கினு வரக்கூட ஆள் இல்ல, எவ்ளோ வசதி! எங்கம்மாவ அனுப்பி வெக்கறதுக்கு வாயில வந்தத சொன்னேன். அதப் புடிச்சிக்கினு ஒரு வாரமா முதுக இப்டி ஆக்கி வெச்சிருக்கீங்களே. என் கை எப்டி வலிக்குது தெரியுமா?"

சொல்லிவிட்டு ஒரு அமுக்கு அமுக்கினாள். நான் அழுதேன். அது அமுக்கியதனால்தான் என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பினாளா தெரியாது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் கைத்தடி இல்லாமல் ரோடுவரைக்கும் போய்வந்தேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஷமீமாவுக்குக் கை நன்றாக வருகிறது என்று மார்த்தாக்கா கண்டுபிடித்துவிட்டார். ஆரோவில் பக்கம் ஒரு இடத்தில் பெண்களுக்கு மசாஜ் தெரபி சொல்லிக்கொடுத்து, வேலையும் கொடுக்கிறார்கள், அனுப்பு என்றார். வீட்டில் குண்டு விழுந்த மாதிரி ஆனது. "மசாஜா?" என்று அத்தா கேட்ட தொனியை என்னால் எழுத முடியாது. பெண்களுக்கு மட்டும்தான் என்று எத்தனை தடவை சொன்னாலும், அந்த ஒரு வார்த்தைதான் பள்ளிவாசல்வரை போய்த் திரும்பி வந்தது. அம்மாவும் கூடாது என்றார். மானம் மரியாதைக்காக இல்லை. "அவ போயிட்டா என் முட்டிய யாரு பாக்கறது?" இத்தனை நாளாக அம்மாவின் முட்டிக்கும் ஷமீமாதான் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நான் அத்தாவிடம் பேசினேன். வாழ்க்கையில் முதல் தடவை குரலை உயர்த்தினேன். "மூட்டை தூக்க என்னால ஆவாது. அவளால சம்பாதிக்க முடியும், போவட்டும்" என்றேன். அவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவருக்கே கழுத்துப் பிடித்துக்கொண்டது. ஷமீமா சொல்லச் சொல்ல நான்தான் அமுக்கிவிட்டேன். பேச்சு வந்துவிட்டது, ஷமீமாவும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

கடைக்கு வருகிறவர்கள் "வூட்டுல என்னா வேல பாக்கறாங்க?" என்று கேட்டால் "ஆஸ்பத்திரி மாதிரி ஒரு எடம்" என்பேன். இது அவள் காதுக்குப் போய், "அதென்ன மாதிரி? வலியோட வர்றாங்க, கொஞ்சம் லேசா போறாங்க. இதச் சொல்ல என்னா வெக்கம் உங்களுக்கு?" என்று பிடித்துக்கொண்டாள். இப்போதெல்லாம் நேராகவே சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அவனுக்கும் ஒருநாள் இடுப்பு பிடிக்கும்.

வருஷங்கள் ஆகிவிட்டன. என் வலி எங்கேயும் போகவில்லை. மழை இருட்டினால் வரும், ஸ்டூலில் அதிகம் உட்கார்ந்தால் வரும். எழுந்து நடந்தால் கொஞ்சம் அடங்கும். அதோடு வாழப் பழகிவிட்டேன் என்று எல்லாரும் சொல்லிக்கொள்கிறார்கள், நான் இன்னும் பழகவில்லை, தினமும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஷமீமா சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் கட்டைவிரல் மூட்டு வீங்கியிருக்கும். வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் போய் என் முதுகைக் காட்ட எந்தப் புருஷனுக்கு மனசு வரும்? நான் கேட்பதை நிறுத்தினேன், குப்புறப் படுப்பதும் நின்றது. அவளும் ஏன் கேட்கவில்லை என்று கேட்கவில்லை.

ராத்திரி இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஏதோ இருக்கிறது என்றும் தெரிகிறது.

"என்னா, ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்கிறேன்.

"ஒன்னும் இல்லீங்க. டயர்டு" என்கிறாள்.