பேய் மெஷின் முன்னால் அய்யாவுவின் வலது கை

அய்யாவு தோட்டத்துக் கேட்டில் உட்கார்ந்து ரோக்கோ சுருட்டிக்கொண்டிருந்தான். இலையைத் தொடையில் விரித்து, இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, அதே கை விரல்களால் புகையிலையைப் பரப்பி, ஒரே உருட்டலில் முடித்துவிட்டான். வலது கை மடியில் கிடந்தது. மணிக்கட்டு மடங்கித் தொங்கியது, விரல்கள் பாதி மூடியிருந்தன. எதிரே கிளினிக் சன்னலில் நின்று நான் அந்த வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது தன்னை மறந்து அது உதவிக்கு வருகிறதா என்று.

வரவில்லை. ஆனால் அய்யாவு நிமிர்ந்து சன்னலைப் பார்த்தான்.

"என்னா மிஸ்ஸி, ரோக்கோ வேணுமா?"

"வேணாம். இருமிச் சாகுறதுன்னா நீயே சாவு."

1984ஆம் வருஷம். லூனாசுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் அட்டெண்டனாக வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகு, அந்தத் தோட்டத்துக் கிளினிக்கில் புண் கழுவிக் கட்டுப்போடவும் படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளவும் வந்திருந்தேன். என் பெயர் லூர்து மேரி. நர்சைக் கூப்பிடுகிற மாதிரி அங்கே எல்லாருக்கும் மிஸ்ஸி.

அய்யாவு அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அப்பா பால் மரம் சீவியவர். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது மகன் குலை பறிக்கப் போனான். கேலிக்காரன், நன்றாக வேலை செய்கிறவன், நாற்பதைத் தாண்டியும் மரத்தடியில் ஓடுகிறவன். முந்தின தீபாவளிக்குச் சற்று முன்னால், நீண்ட கம்பின் முனையில் கட்டிய சாபிட் கத்தியை உயரமான மரத்தில் போட்டு இழுத்தபோது, குலை நேராக அவன் வலது மேல்கையில் விழுந்தது. எலும்பு முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் மணிக்கட்டு எழவில்லை. நரம்பு அடிபட்டிருக்கிறது, வந்தால் வரும், வராமலும் போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். தோட்டம் அவனைக் கேட்டில் ஜாகாவாகக் காவலுக்கு உட்கார வைத்தது. லாரி வந்தால் கயிற்றை இழுத்துத் தடுப்புக் கம்பைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும்.

அந்த வாரம் கிராணி நடராஜா, ஆபீசில் எல்லாக் கணக்கும் பார்க்கிறவர், என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ்ஸி, கை வரலன்னு சொல்றவன் லூனாஸ்ல கேம்ஸ் ஆடுறானாம். வேல வாங்குற மண்டோரே பாத்திருக்காரு."

"எந்தக் கையால?"

"அதெல்லாம் அவரு பாக்கல. சாபிட் புடிக்க முடியாத கை மெஷின மட்டும் புடிக்குமா? நீங்க போயி பாத்துட்டு எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க. நடிப்புன்னா திங்கக்கெழம பறிக்க அனுப்பிடுவேன். போகமாட்டேன்னா வீட்ட காலி பண்ணட்டும்."

நான் மறுக்கவில்லை. வார்டில் நான் எத்தனையோ நடிப்பைப் பார்த்திருக்கிறேன். கழுத்து திரும்பவில்லை என்று படுத்திருந்த ஆள், பின்னால் தட்டு விழுந்த சத்தத்துக்குச் சட்டென்று திரும்பினான். அய்யாவுவின் பங்கு மரங்களையும் சேர்த்துப் பறித்தவர்கள் வெயிலில் நின்றார்கள். இவன் நிழலில் உட்கார்ந்திருந்தான். அவர்கள் சந்தேகப்பட்டதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

சந்தேகம் அவன் வீட்டுக்குள்ளும் இருந்தது. அவன் மனைவி ராக்காயி இருமல் மருந்து வாங்குகிற சாக்கில் வந்து, மருந்தை வாங்காமல் நின்றாள்.

"சனிக்கெழம ஆனா தலைக்கு எண்ண வச்சி சீவிக்கிட்டு லூனாஸ் பஸ் ஏறுறாரு மிஸ்ஸி. கேட்டா பேயப் பாக்கப் போறேங்கிறாரு. எந்தப் பேயி? அவ பேரு என்னா?"

"நீ போயி பாத்தியா?"

"போயி, அங்க ஒருத்தி இருந்துட்டா நான் என்னா பண்றது?"

சனிக்கிழமை நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். பின்னால் உட்கார்ந்தேன். அவன் பார்த்துவிட்டான்.

"எங்க மிஸ்ஸி?"

"பசாருக்கு."

"பை இல்லாமயா?"

அவன் வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

லூனாஸ் கடைத்தெருவில் ஆ லெக்கின் காப்பிக்கடை. முன்னால் மேசைகள், பின்னால் திரை போட்ட அறை, அதில் மூன்று கேம்ஸ் மெஷின்கள். ஆ லெக் நல்ல தமிழ் பேசுவார். என் வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"ஆண்ட்டி போலீஸா? இங்க ஜூடி இல்ல லா. சூது வேணும்னா வேற கடை."

"போலீஸ் இல்ல. கிளினிக்."

"கிளினிக்கா?" அவருக்கு இன்னும் பயம் கூடிவிட்டது. "கிளாஸ் எல்லாம் சுடுதண்ணில கழுவுறோம் லா."

நான் திரை ஓரமாக நின்றேன். அய்யாவு நடு மெஷின் முன்னால் இருந்தான். கருப்புத் திரையில் சந்து சந்தாகக் கோடுகள். ஒரு மஞ்சள் வாய் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடுகிறது, நான்கு நிறப் பேய்கள் துரத்துகின்றன. இதுதான் ராக்காயியின் பேய். பலகையின் நடுவில் ஒரே ஒரு பிடி. இடது கையால் பிடித்தாலும் ஒன்றுதான், வலது கையால் பிடித்தாலும் ஒன்றுதான். அவன் இடது கையால் ஆடினான். வலது முழங்கை மெஷின் விளிம்பில் சாய்ந்திருந்தது, அந்தக் கை வெளியே தொங்கியது.

மண்டோர் பார்த்தது இவ்வளவுதான் என்று திரும்பியிருப்பேன். ஆனால் முழு மனசும் வேறு இடத்தில் இருக்கும்போது உடம்பு பொய்யைத் தூக்கிச் சுமக்காது. அதனால் நின்றேன். திரையைப் பார்க்காமல் தொங்குகிற கையையே பார்த்தேன். சிவப்புப் பேயும் நீலப் பேயும் இரண்டு பக்கமும் வந்து மஞ்சள் வாயைச் சந்தில் அடைத்தன. அய்யாவு "டேய், டேய்" என்றான். தோள் எழுந்தது.

தொங்கிய மணிக்கட்டும் எழுந்தது. ஒரு விரற்கடை இருக்கும். எழுந்து விழுந்தது.

அகப்பட்டான் என்று நினைத்தேன்.

"அய்யாவு, கை எழுந்துச்சே."

அவன் திரும்பினான். மஞ்சள் வாய் செத்தது.

"எந்தக் கை?"

"வராத கை."

அவன் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "கிராணி அனுப்பினாரா?"

"ஆமா."

"நெனச்சேன். பை இல்லாத பசாரு."

காப்பி மேசையில் உட்கார வைத்தேன். அவன் முன்கையை என் இரண்டு கைக்குள் எடுத்துக்கொண்டு, மணிக்கட்டைத் தூக்கு என்றேன். நடிக்கிறவன் கையைத் தூக்கச் சொன்னால், தூக்காமல் இருப்பதற்காக முன்கையின் அடிப்பக்கத்தை இறுக்குவான். மேலே முயற்சி தெரியும், கீழே பிரேக் தெரியும். அதை விரலால் தொட்டே கண்டுபிடிக்கலாம். அய்யாவு பல்லைக் கடித்துத் தூக்கப் பார்த்தான், நெற்றியில் வேர்த்தது, கை எழவில்லை. அடிப்பக்கம் தளர்வாக இருந்தது. மேல்பக்கத்தில், முழங்கைக்குக் கீழே, என் விரலுக்கு அடியில் என்னவோ துடித்தது.

கட்டைவிரல் மேலே இருக்கும்படி கையை மேசையில் சாய்த்து வைத்தேன். அப்படி வைத்தால் கையின் கனத்தைத் தூக்க வேண்டியதில்லை, நகர்த்தினால் போதும்.

"இப்ப பின்னால தள்ளு."

கை மேசைமேல் மெல்லப் பின்னால் நகர்ந்தது.

அய்யாவு அதையே பார்த்தான். பொய் வெளியானவனின் முகம் எனக்குத் தெரியும், அதில் கோபம் முதலில் வரும். இவன் முகத்தில் பயம்தான் வந்தது. நாற்காலியைப் பின்னால் இழுத்தான்.

"என்னா மிஸ்ஸி இது?"

"நரம்பு வருது. ஒனக்கு இது முன்னயே தெரியுமா?"

"சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா, மண்டோர் காப்பி குடிக்கிற கடைக்கு வந்து ஆடுவேனா? நான் என்ன அவ்வளவு முட்டாளா?"

அது நியாயமாகப் பட்டது. ஆனால் அடுத்து அவன் சொன்னதில் மறுபடியும் சந்தேகம் வந்தது.

"மிஸ்ஸி, இத யாருக்கும் சொல்லாதீங்க."

"ஏன்?"

"கை வருதுன்னா கிராணி சாபிட்ட எடுத்துக் குடுத்துடுவாரு. என்னால முடியாது மிஸ்ஸி. கைக்காக சொல்லல." காப்பிக் கிளாசை இடது கையால் சுற்றினான். "மேலேருந்து ஒண்ணு வருதுன்னு நெனச்சாலே காலு ஓட மாட்டேங்குது. அந்தக் கம்பப் புடிச்சிக்கிட்டு மேல பாத்து நிக்கணும். ஓடுனா கத்தி விழும், நின்னா குலை விழும்."

"அதுக்கும் பேய்க்கும் என்ன சம்பந்தம்?"

அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆடுகிறவர்களிடம் ஆட்டத்தைக் கேட்டால் வீடு போகிற நேரத்திலும் பேசுவார்கள். "மொத மொதல்ல பாக்கார் ஆராங்ல மச்சான் வீட்டு டிவில ஆடுனது. ரெண்டு கோடு, ஒரு பந்து, அவ்வளவுதான். விடிய விடிய ஆடி அக்காகிட்ட ஏச்சு வாங்குனோம். அதுமாதிரி சிரிச்சதே இல்ல. இன்னிக்கும் அதுதான் எனக்கு நம்பர் ஒன்னு. அப்புறம் இங்க ஓரத்துல இருக்கிற தவளை. ரோட்டத் தாண்டணும். லோரி அடிச்சிடுது, பாவமா இருக்கு, விட்டுட்டேன். கையி போனப்புறம் இந்தப் பேய். இதுக்கு ஒத்தக் கை போதும். மேலேருந்து எதுவும் விழாது மிஸ்ஸி. பேயி சந்துலதான் வரும், வர்றது தெரியும், திரும்பி ஓடலாம். செத்தாலும் நம்ம தப்புலதான் சாவோம்."

"மூணாவது மெஷின்?"

"கப்பலா? அத நான் ஆடமாட்டேன். கீழ நின்னுகிட்டு சுடணும். மேலேருந்து வரிசையா எறங்கி வருவானுங்க. குண்டு வேற போடுவானுங்க."

அந்த மெஷினைப் போய்ப் பார்த்தேன். பிடி இடது பக்கம். சுடுகிற பொத்தான் வலது பக்கம்.

திரும்பி வந்து சொன்னேன்: "கைய இப்படியே தொங்கப் போட்டு வச்சா விரல் மடங்குனது மடங்குனபடி இறுகிடும். அப்புறம் நரம்பு முழுசா வந்தாலும் சோத்தப் பெசையக்கூட ஒதவாது. மறைச்சா கை போச்சு. நான் பாத்ததச் சொல்லத்தான் போறேன்."

"அப்ப என் வீடு?"

"முழுசாச் சொல்லுவேன். பாதிய மட்டும் சொல்ல மாட்டேன்."

அவன் நம்பவில்லை. நம்ப அவனுக்கு ஒரு காரணமும் இல்லை, கிராணி அனுப்பிய ஆள்தானே நான். பஸ்ஸில் முன்னால் போய் உட்கார்ந்தான். இறங்கும்போது, "ராக்காயிகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் ஞாயிறு. காலைப் பூசைக்குப் போகிற வழியில் கிராணி வீட்டுக்குப் போனேன். மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார்.

"நடிப்பில்ல," என்றேன். "கை இப்பதான் வர ஆரம்பிச்சிருக்கு. அவனுக்கே நேத்துதான் தெரியும்."

"அப்ப வருதுல்ல? நான் சொன்னது சரிதானே?"

"வருது, வந்துடல. இப்ப சாபிட்டக் குடுத்தா கம்பு நழுவும். கீழ நிக்கிறவன் தலைய கத்தி பதம் பாக்கும். அந்தத் தலைக்கும் நீங்கதான் பதில் சொல்லணும், கிராணி."

அவர் துணியைப் பிழிந்தார். "எத்தன மாசம்?"

"மாசா மாசம் நான் பாத்து ஒங்ககிட்ட சொல்றேன். நல்லா வந்துட்டா அதையும் சொல்லுவேன்."

"நீங்களும் அவனும் பேசி வச்சிக்கிட்டீங்களோ?"

"சந்தேகமா இருந்தா லூனாசுக்கு வாங்க. அவன் ஆடும்போது பின்னால நில்லுங்க. என்னையும் சேத்துப் பாருங்க."

கிராணி துணியை வாளியில் போட்டார். காப்பிக்கடைப் பின்னறையில் நிற்கிற தன்னை நினைத்துப் பார்த்தாரோ என்னவோ. "அதுவரைக்கும் கேட்லயே இருக்கட்டும்," என்றார். "ஆனா நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்."

"கேளுங்க."

பூசைக்குப் போகவில்லை. கிளினிக்கைத் திறந்து, மெல்லிய மரச்சட்டம் ஒன்று, பஞ்சு, கட்டுத்துணி எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். வீடு போகாது என்று அய்யாவுவிடம் சொன்னேன். கிராணியே சொன்னாரா என்று மூன்று விதமாகக் கேட்டான். லூனாசுக்குக் கிளம்பு என்றேன். ராக்காயி சேலை மாற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"நானும் வரேன். அந்தப் பேய நான் பாக்கணும்."

காப்பிக்கடையில் ஆ லெக் இன்னொரு பெண்ணும் வருவதைப் பார்த்துக் கிளாஸ்களைத் தானே கழுவ ஆரம்பித்தார். ராக்காயி திரையை விலக்கி, நான்கு மூலையும் பார்த்தாள், மெஷின்களுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள். பிறகு மஞ்சள் வாயைப் பார்த்தாள்.

"இதுக்கா எண்ண வச்சி சீவுனீங்க?"

"சும்மா இருடி."

அவன் நடு மெஷினுக்குப் போனான். நான் தோளைப் பிடித்துக் கப்பல் மெஷின் பக்கம் திருப்பினேன். மணிக்கட்டு தொங்காதபடி சட்டத்தைப் பஞ்சோடு வைத்துக் கட்டினேன். முன்கையைப் பலகையில் சாய்த்து, ஆள்காட்டி விரலைப் பொத்தான்மேல் வைத்தேன்.

"மேலேருந்து விழும் மிஸ்ஸி."

"விழட்டும். கண்ணாடிக்கு உள்ளதான் விழும். நீ அழுத்து, அழுத்திட்டு வெரலத் தூக்கு, அதான் கைக்கு வேல."

ராக்காயி காசைப் போட்டாள். மேலே வரிசையாக வந்து இறங்கின. அய்யாவுவின் தோள் காது வரைக்கும் ஏறியது. கப்பல் அசையாமல் நின்றது, முதல் குண்டிலேயே போயிற்று. இரண்டாவது கப்பல் வந்தது. இடது கை பிடியை நகர்த்தியது. வலது விரல் பொத்தான்மேல் நடுங்கி, வழுக்கி, மறுபடியும் ஏறி அழுத்தியது. கப்பலிலிருந்து ஒரே ஒரு கோடு மேலே போனது. அது எதன்மேலும் படவில்லை.

"எங்க சுடுறீங்க?" என்றாள் ராக்காயி. "அவன் அந்தப் பக்கம் இருக்கான்."

அய்யாவு கப்பலை அந்தப் பக்கம் நகர்த்தி, மறுபடியும் அழுத்தினான்.